ராஜாவுக்கு எதிர்ச்சொல்

எந்தக் காலம் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. வெள்ளைக்காரர்களின் கப்பல்கள் நம் கரைக்கு வந்து மிளகு கேட்க ஆரம்பித்திருந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலோர நாடு ஒன்றைச் சுந்தரசேனர் என்ற மன்னர் ஆண்டுவந்தார். நல்ல மனிதர், நல்ல சாப்பாட்டுக்காரர், சிம்மாசனம் கொள்ளாத உடம்பு. ஏதாவது ஒன்றின்மேல் ஆசை வந்துவிட்டால் மட்டும், அது தீரும்வரை நாட்டையே படுத்தியெடுப்பார். முந்தின வருஷம் புறா. அதற்கு முந்தின வருஷம் மல்யுத்தம்.

இந்த வருஷம் இங்கிலீஷ்.

கப்பல் தலைவன் ஒருவன் ஓர் அகராதியைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள், ஒத்த சொல், எதிர்ச்சொல் என்று வரிசையாகப் போட்ட புத்தகம். அதைப் படிக்கத் தெரிந்தவர் அரண்மனையில் ஒரே ஒருவர்தான். வெள்ளைக்காரர்களிடம் மன்னருக்காகப் பேசும் துபாஷி ரங்கப்பர். மன்னர் தினமும் அவரிடம் ஒரு சொல்லைக் கேட்டு, அதைச் சபையில் யாராவது ஒருவர் தலையில் கட்டுவார். மறுநாள் காலை அந்த ஆள் பொருள், ஒத்த சொல், எதிர்ச்சொல் மூன்றையும் சொல்லியாக வேண்டும்.

மடைப்பள்ளித் தலைவருக்கு ‘ஹாட்’ வந்தது. சூடு என்றார், எதிர்ச்சொல் ‘கோல்ட்’ என்றார். மன்னருக்கு ஒரே சந்தோஷம். அன்றிலிருந்து ரசத்தைக்கூட ஆறவைத்துத்தான் பரிமாறச் சொன்னார். தளபதிக்கு ‘கோ’ வந்தது. “இது தெரியாதா, கோ என்றால் அரசன்” என்று அவர் மார்தட்டிக்கொண்டு வந்து நின்றார். இங்கிலீஷில் ‘போ’ என்று அர்த்தமாம். போ என்றே அவரை எல்லைக் காவலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதன்பிறகு சொல் கிடைத்தவர்களெல்லாம் நெய்க்குடமும் மாம்பழக் கூடையுமாக ரங்கப்பர் வீட்டுக்கு நடையாய் நடந்தார்கள். அரண்மனை விகடன் மாசிலாமணி இதைப் பார்த்துவிட்டுச் சபையில் சாதுவாக முகத்தை வைத்துக்கொண்டு சொன்னான்: “மகாராஜா, இங்கிலீஷ் பாஷை நெய்யில்தான் வேகிறது போலிருக்கிறது. துபாஷியார் தெருவே மணக்கிறது.”

சபை சிரித்தது. ரங்கப்பருக்கு முகம் சிவந்தது. அன்று மாலையே மன்னரைத் தனியே பார்த்து, “சபையில் எல்லோருக்கும் சொல் கொடுத்தாகிவிட்டது, மாசிலாமணிக்கு மட்டும்தான் பாக்கி. நல்ல சொல்லாக ‘கிங்’ என்பதைக் கொடுக்கலாம். தவறினால் நாட்டைவிட்டுப் போகட்டும்” என்றார்.

“கிங் என்றால்?”

“தாங்கள்தான் மகாராஜா.”

“அப்படியானால் எனக்கு எதிர்ச்சொல் என்ன?”

“அதை அடியேன் வாயால் எப்படிச் சொல்வேன்? பிச்சைக்காரன் என்பதா, அடிமை என்பதா? மாசிலாமணி வாயாலேயே கேளுங்கள்.”

மன்னர் அப்போதே மாசிலாமணியை அழைத்து அந்தச் சொல்லையும் நிபந்தனையையும் சொல்லிவிட்டார். எதைச் சொன்னாலும் ராஜநிந்தனை, சொல்லாவிட்டால் நாடுகடத்தல். அவன் அந்தப் பொறியைத் தலையில் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தான்.

“மூட்டை கட்டு, வள்ளியம்மை. விடிஞ்சா ஊரை விட்டே போகணும் போலிருக்கு” என்றான் மனைவியிடம்.

“நான் எங்கயும் வரமாட்டேன். முருங்கை இப்பத்தான் பூத்திருக்கு.”

“ராஜா உத்தரவுடி.”

“ராஜா வந்து தண்ணி ஊத்துவாரா?”

“ஒண்ணு சொன்னா ஒண்ணு எதிர்ச்சொல் சொல்லாட்டா உனக்குத் தூக்கம் வராதா?” என்று எரிந்து விழுந்தவன், சட்டென்று வாயை மூடிக்கொண்டான். தான் சொன்னதைத் தானே இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தான். பிறகு மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, நன்றாக இருட்டுவதற்குள் அந்தப்புர வாசலுக்குப் போய் மகாராணி செண்பகவல்லியைப் பார்க்க உத்தரவு கேட்டான்.

மறுநாள் சபை நிறைந்திருந்தது. ரங்கப்பர் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருந்தார்.

“மாசிலாமணி, கிங் என்பதன் பொருள் எங்கே?” என்றார் மன்னர்.

“சிம்மாசனத்தில் இருக்கிறது மகாராஜா. தூக்கிவந்து காட்டலாம் என்றுதான் பார்த்தேன். பொருள் கொஞ்சம் கனம்.”

மன்னர் மீசைக்குள் சிரித்தார். “ஒத்த சொல்?”

“ஒத்தச் சொல்தானே, இதோ.” மாசிலாமணி அமைச்சர் பக்கம் திரும்பினான். “மகாராஜா ஏதாவது சொன்னால் தாங்கள் என்ன சொல்வீர்கள்?”

“சரி என்பேன்.”

“புரோகிதர்?” “சரி என்பேன்.” “துபாஷியார்?”

ரங்கப்பர் மன்னரைப் பார்த்துக்கொண்டார். “சரி என்றுதான் சொல்வேன்.”

“பாருங்கள் மகாராஜா. நாடு முழுக்க ராஜாவுக்கென்று இருப்பது இந்த ஒத்தைச் சொல்தான். ரெண்டாவது சொல்லைச் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை.”

சபையில் ஒருவரும் நிமிரவில்லை. மன்னர் முகத்திலும் சிரிப்பு இல்லை. “எதிர்ச்சொல்லைச் சொல். பார்த்துச் சொல்” என்றார் மெதுவாக.

ரங்கப்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மகாராணி வராமல் போனால் மாசிலாமணி கதை முடிந்தது. பக்கவாட்டுத் திரையைப் பார்த்துக் கும்பிட்டான். திரை அசையவில்லை. இன்னொரு தடவை கும்பிட்டான். வளையல் சத்தம் கேட்டது. செண்பகவல்லி சபைக்கு நடுவே வந்து நின்றாள்.

மன்னர் பதறிப்போனார். “தேவி, இங்கே என்ன வேலை? உள்ளே போ.”

“போகமாட்டேன்.”

“சரி, உட்காரவாவது செய்.”

“நிற்கத்தான் போகிறேன்.”

“எதுவாக இருந்தாலும் பிறகு பேசிக்கொள்ளலாம்.”

“இப்போதே பேச வேண்டும். ஆறிப்போன ரசத்தை இனி என்னால் குடிக்க முடியாது.”

மாசிலாமணி பவ்வியமாகக் கைகட்டினான். “கேட்டீர்களா மகாராஜா? ராஜா சொல்லுக்கு இந்த நாட்டில் கிடைக்கிற எதிர்ச்சொல் இது ஒன்றுதான்.”

அமைச்சர் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். ரங்கப்பர் துள்ளி எழுந்தார்.

“இது வெறும் தமிழ் விளையாட்டு மகாராஜா. கேட்டது அகராதியில் உள்ள எதிர்ச்சொல்.”

“அப்படியானால் அகராதியைப் படியும்” என்றாள் மகாராணி.

“தாயே, அது வந்து…”

“புத்தகம் உம் கையில்தானே இருக்கிறது.”

ரங்கப்பர் பக்கத்தைப் புரட்டினார். விரல் ஓரிடத்தில் வந்து நின்றது.

“என்ன போட்டிருக்கிறது?” என்று மன்னர் அதட்டினார்.

“‘குயின்’ என்று போட்டிருக்கிறது மகாராஜா.”

“அதற்கு என்ன அர்த்தம்?”

“மகாராணி” என்றார் ரங்கப்பர், தமக்கே கேட்காத குரலில்.

இதை மாசிலாமணியே எதிர்பார்க்கவில்லை. அவனுக்கு இங்கிலீஷில் ஓரெழுத்து தெரியாது. அவன் வாய் பிளந்ததைப் பார்த்ததும் மன்னருக்கு அடக்க முடியவில்லை. தொந்தி குலுங்க, சிம்மாசனம் கிறீச்சிட, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சபையும் சேர்ந்துகொண்டது.

சிரித்து முடித்தவர் ரங்கப்பரைப் பார்த்தார். “நேற்று பிச்சைக்காரன், அடிமை என்றீர். புத்தகத்தில் என் தேவி இருக்கிறாள். இனி அகராதி அவளிடமே இருக்கட்டும். எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தினமும் அந்தப்புர வாசலுக்கு வாரும். வெறுங்கையோடு அல்ல, நெய்க்குடத்தோடு.”

பிறகு கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி மாசிலாமணிக்குப் போட்டார். ஆற்றங்கரையில் இரண்டு காணி நன்செய்க்கும் அங்கேயே பட்டயம் எழுதச் சொன்னார். “போதுமா?” என்று அவர் கேட்க, மாசிலாமணி மாலையைத் தடவிப் பார்த்துக்கொண்டே, “போதாது என்று சொல்லும் உரிமை மகாராணிக்குத்தானே மகாராஜா” என்றான்.

மன்னருக்கு மறுபடியும் சிரிப்பு பிய்த்துக்கொண்டு வந்தது. எழுத்தாணி பிடித்திருந்த கணக்கரும் கை குலுங்கச் சிரித்ததில், இரண்டு காணி பட்டயத்தில் மூன்று காணியாக விழுந்துவிட்டது. மன்னர் அதைப் பார்த்தார். திருத்தச் சொல்லவில்லை.