டிராக்டருக்கு அடியில் ஒரு ஈயத்தட்டு

ராசிபுரம் போகிற சாலையில் குழந்தைவேல் டிராக்டர் பட்டறை வைத்திருந்தார். அவரிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்தவர் செங்கோடன். சீடனுக்குத் தலை முழுக்க நரை. குருவுக்கு அப்போதுதான் மீசை ஓரத்தில் ஒன்றிரண்டு. மனைவி பாவாயி இறந்த பிறகு வீட்டில் இருப்புக்கொள்ளாமல் வந்த மனுஷன். "சும்மா இருந்தா பைத்தியம் புடிச்சுருமுங்க மேஸ்திரி" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டார்.

கொஞ்சம் பழகியதும் தன் சொந்த டிராக்டரிலேயே கைவரிசையைக் காட்டினார். இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் சேம்பர் அதில் வருஷக்கணக்காக ஒழுகிக்கொண்டிருந்தது. சேம்பரைக் கழற்றி, இடுக்கில் எண்ணெய் கசியாமல் அடைக்கிற புது பேக்கிங் வைத்து, போல்ட்டுகளை முறுக்கினார். மறுநாள் காலையில் தரையில் எண்ணெய். இன்னொரு பேக்கிங் வாங்கி மாற்றினார். அதுவும் ஒழுகியது. ரோஷம் தாங்காமல் டிராக்டரைப் பட்டறைக்கே ஓட்டி வந்துவிட்டார்.

"பழைய பேக்கிங்கைப் பூராவும் உளியால வழிச்சு எடுத்துட்டனுங்க. ஒரு பொட்டு விடல. அப்புறமும் ஏனுங்க ஒழுகுது?"

இருவரும் சாக்கை விரித்து அடியில் படுத்தார்கள். எண்ணெயை வடித்து, சேம்பரை இறக்கினார்கள். புது பேக்கிங் பாதி மேலே இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. செங்கோடன் உளியை எடுத்தார்.

"அதைக் கீழ வைங்க."

குழந்தைவேல் டீசலில் நனைத்த துணியை பேக்கிங் மேல் அப்பினார். "ஊறட்டும்."

"எவ்வளவு நேரமுங்க?"

"அதுவா விடற வரைக்கும்."

காத்திருந்த நேரத்தில் செங்கோடன் தானாகவே பேச ஆரம்பித்தார்.

"கருமாதி முடிஞ்ச கையோட அவ சேலை, கட்டில், சீப்பு எல்லாத்தையும் குடுத்துட்டனுங்க. பார்த்தாத்தானே ஞாபகம் வரும்னு. அப்புறம் மக கோகிலா வந்தா. அம்மா சேலை ஒண்ணு வேணும்னா. ஒண்ணுமே இல்லை. 'அம்மா இந்த வீட்டுலதான் இருந்தாங்களாப்பா?'ன்னு கேட்டுட்டுப் போனவதான். பெத்த பொண்ணு, போன் பண்ணினாக்கூட எடுக்கறதில்லை."

"உங்களுக்கு ஞாபகம் வராம நின்னுதுங்களா?"

செங்கோடன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பேக்கிங் இளகியது. குழந்தைவேல் மரச்சில்லால் மெல்ல நெம்ப, தோலாக உரிந்து வந்தது. பிறகு செங்கோடனின் விரலைப் பிடித்து இன்ஜினின் விளிம்பில் ஓட்டினார். ஓரிடத்தில் நகம் தட்டியது.

"இதென்னங்க, பள்ளம்?"

"உங்க உளி போட்டது. எண்ணெய் இது வழியாத்தான் வருது."

கீறலைச் சாணைக்கல்லால் தேய்த்து, பேஸ்ட் தடவி, வேறு பேக்கிங் வைத்து மாட்டி, எண்ணெய் ஊற்றினார்கள். பொழுது சாயும்வரை இன்ஜினை ஓடவிட்டார்கள். ஒரு சொட்டு இல்லை.

அடியில் வைத்திருந்த ஈயத்தட்டை செங்கோடன் வெளியே இழுத்தார். வண்டியோடு அவர் கொண்டுவந்தது. கறுத்து, ஓரம் நெளிந்து கிடந்தது.

"பாவாயி வெச்ச தட்டுங்க. தினம் சாயங்காலம் வண்டி வந்து நின்னதும் அடியில தள்ளுவா. 'என்னைவிட இதுதான் அதிகமா அழுவுது'ன்னு சிரிப்பா. புடிச்ச எண்ணெயை மோட்டார் ரூம் கதவுக் கீலுக்கு விடுவா. கோகிலா சின்னதுல அதுல கையை விட்டுட்டு எத்தனை அடி வாங்கியிருக்கா…"

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்தது. பாவாயி போன பிறகு அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. சிரிப்பு முடிவதற்குள் கண் கலங்கிவிட்டது. துடைக்காமல் நின்றார்.

"வண்டிக் கொட்டாயில கிடந்ததால இது ஒண்ணுதான் தப்பிச்சுது. இனி ஒழுகாது. தூக்கி வீசிடட்டுங்களா?"

"உங்க பொண்ணு கையில கொண்டுபோய்க் குடுங்க."

செங்கோடன் தட்டின் நெளிந்த ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு சோப்பை எடுத்துக்கொண்டு தட்டோடு குழாயடிக்கு நடந்தார்.

பின்னாலிருந்து குழந்தைவேலின் குரல் வந்தது.

"கழுவாதீங்க."