எப்சிபாளின் பிடியரிசி

பிள்ளைகளே, ஒரு காட்டில் ஆற்றங்கரை ஓரமாக ஓலை வேய்ந்த கோயில் ஒன்று இருந்தது. ஞாயிறுதோறும் மணி அடித்ததும் விலங்குகளும் பறவைகளும் அங்கே கூடிப் பாடி, ஜெபம் பண்ணும்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். உலை வைக்கும்போதெல்லாம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுவந்து, கோயிலுக்குள் கதவோரம் நின்ற, தானியம் சேர்க்கும் மண் குலுக்கையில் கொட்டுவார்கள். இல்லாதவர்களுக்கு ஊழியம் செய்யவென்று சேர்த்த பிடியரிசி அது.

முள்ளம்பன்றி எப்சிபாள் ஒரு வேளைகூடத் தவறியதில்லை. அரை வயிற்றுக்குக் கஞ்சி காய்ச்சும் நாளிலும் முதல் பிடி குலுக்கைக்குத்தான். அவளுக்கு ஒரே ஓர் ஏக்கம். தான் எடுத்து வைத்த அரிசியை ஒரு ஜீவன் பசியாறத் தின்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். ஏழு வருஷமாகக் காத்திருந்தாள். அதுவரை தின்றது வண்டுதான்.

காரணம், எந்த ஊழியம் என்று சபை இன்னும் முடிவு செய்யவில்லை.

"ஏழு மலை தாண்டிப் போய்ச் சேவை செய்வோம். அப்பதான் நம்ம சபைக்குப் பேரு" என்றது மயில்.

"முதல்ல கோபுரம் கட்டணும். அதைப் பார்த்துத் தானா வருவாங்க" என்றார் யானையார்.

"அவசரப்படாதீங்க. ஆண்டவருடைய சித்தம் என்னன்னு காத்திருந்து பார்ப்போம்" என்றார் உபதேசியார் கொக்கு. காத்திருப்பதில் கொக்கை மிஞ்ச ஆள் உண்டா?

அந்த வருஷம் அக்கரைக் காட்டில் தீப்பிடித்தது. அதே வாரம் சபையில் மூன்று நாள் உபவாச ஜெபம் வைத்தார்கள். "ஆண்டவரே, எங்கள் ஊழியத்தைக் காட்டும்" என்று கேட்பதற்காக. வெளிச் சத்தம் இடைஞ்சல் என்று கதவையும் சாத்திவிட்டார்கள்.

எப்சிபாளின் இடம் எப்போதும் கடைசிப் பாய், கதவை ஒட்டி. முள் குத்தும் என்று பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. அதனால் மூன்றாம் நாள் மத்தியானம் கதவு தட்டப்பட்டது அவளுக்கு மட்டும் கேட்டது.

இடுக்கு வழியே பார்த்தாள். ரோமம் கருகிய ஒரு நரி. அதன் காலைக் கட்டிக்கொண்டு நாலு குட்டிகள்.

"ஐயா, அக்கரை நரி ஒண்ணு பிள்ளைகளோட வந்து நிக்குது" என்றாள்.

"ஜெபத்துல குறுக்கே பேசாதம்மா" என்றார் கொக்கு, கண்ணைத் திறக்காமலே.

"நரிக்கு இடம் கொடுத்தா கிடைக்கு ரெண்டு ஆடு கேட்கும். திறக்காதே" என்றார் யானையார்.

பாட்டு இன்னும் உரத்தது. தட்டும் சத்தம் மெலிந்துகொண்டே போனது. எப்சிபாள் எழுந்தாள். தட்டுவது நின்றுவிட்டால் இன்னும் எத்தனை வருஷம் காத்திருப்பது?

எல்லாரும் கண்ணை மூடியிருந்த நேரம் பார்த்து, குலுக்கையின் அடியில் இருந்த அடைப்பைப் பிடுங்கினாள். கொட்டிய அரிசியை முறத்தில் ஏந்திக்கொண்டு, ஓசைப்படாமல் கதவைத் திறந்து வெளியே போனாள். வண்டைப் புடைத்துத் தள்ளிவிட்டு, மரத்தடியில் உலை ஏற்றினாள்.

சோறு வெந்த வாசனை கோயிலுக்குள் போனது. மூன்று நாள் பட்டினி கிடந்த மூக்குகள் சும்மா இருக்குமா? பாட்டு பாதியில் நின்றது. சபை முழுவதும் வாசலுக்கு வந்துவிட்டது.

"யாரைக் கேட்டு எடுத்தே? ஆண்டவர் இன்னும் பதிலே சொல்லலையே!" என்று பிளிறினார் யானையார்.

"சொன்னாரு ஐயா. மத்தியானத்துல இருந்து கதவைத் தட்டிச் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தாரு. நாமதான் சாத்தி வச்சிருந்தோம்."

கொக்கு, இலையில் சோறு தின்னும் குட்டிகளைப் பார்த்தார். தாய் நரி இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. அவர் மெல்லக் குனிந்து அகப்பையை எடுத்து, அதன் இலையில் சோறு வைத்தார்.

கடைசிக் குட்டி, முள்ளைப் பற்றிய பயமே இல்லாமல் எப்சிபாளை ஒட்டி உட்கார்ந்து, இலையை நக்கிக்கொண்டிருந்தது.

"போதுமா கண்ணு?" என்று கேட்டாள்.

"இன்னும் ஒரு பிடி" என்றது குட்டி.

எப்சிபாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முறத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் குலுக்கைக்குப் போனாள்.

நீதி: ஊழியத்தைத் தேடுகிறவர்கள் முதலில் தங்கள் வாசற்கதவைத் திறக்க வேண்டும்.