தேசம்மை அழுத நாள்

“அம்மா, அந்தப் பிள்ளைக்கு நெஞ்சுல ஈரமே இல்லை” என்றார் சிவக்கொழுந்து.

முப்பது வருஷம் வயற்காட்டு ஊர்களில் தலைமை ஆசிரியராக இருந்தவர். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே மனசைப் படித்துவிடுவார் என்று பேர். அந்தப் பேரை அதிகம் நம்பியவர் அவரேதான். ஓய்வு பெற்றதும் ஆசிரமத்துக்கு வந்து, தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரான அம்மையாரைக் குருவாக ஏற்றுக்கொண்டார். ஆசிரமத்துப் பிள்ளைகள் விடுதி அவர் பொறுப்பில் இருந்தது.

அவர் சொன்னது தேசம்மையைப் பற்றி. எட்டு வயது. தாய் இல்லை. மீனவக் குப்பத்திலிருந்து அவளைக் கொண்டுவந்து விட்ட அப்பா, புயலுக்கு முந்தின நாள் படகில் போனவர். பத்தொன்பது நாளாகியும் திரும்பவில்லை. விஷயம் அவளுக்கும் தெரியும்.

“பென்சில் தொலைஞ்சாலே மத்த பிள்ளைங்க ஊரைக் கூட்டுதுங்க. இவ கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. நேத்து ஒரு பையன் விழுந்து அழுதான். ஆறுதல் சொல்லாம அவன் வாயைப் பொத்துறா.”

“உங்க ஊர்ல துக்கம்னா என்ன செய்வீங்க?”

“கட்டிப் பிடிச்சு அழுவோம். அழுது தீர்த்தாத்தானே மனசு ஆறும்.”

“அவங்க ஊர்ல?”

சிவக்கொழுந்துக்குத் தெரியவில்லை.

குப்பத்துக்கு ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு வாருங்கள், அதுவரை பிள்ளையை அவள் போக்கில் விடுங்கள் என்றார் அம்மையார்.

அவர் போகவில்லை. ஒரு பிள்ளையின் மனசைத் தெரிந்துகொள்ளக் குப்பத்தில் போய் நிற்பதா என்று இருந்தது. அவளைப் பார்க்க அவருக்குப் பாவமாகவும் இருந்தது, அதுவும் உண்மைதான்.

தினமும் மாலையில் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து அப்பாவைப் பற்றியே பேச்சுக் கொடுத்தார். எப்படித் தூக்குவார், என்ன வாங்கி வருவார் என்று கேட்டார். அழுதுவிடு கண்ணு, பாரம் குறையும் என்று தலையைத் தடவினார். மூன்று நாள் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தாள். நான்காம் நாள் உடைந்துபோனாள். அப்படி ஒரு அழுகையை அவர் எந்தப் பள்ளியிலும் கேட்டதில்லை. அவரும் சேர்ந்து அழுதார்.

மறுநாள் காலை நிறைந்த மனசோடு அம்மையாரிடம் வந்தார்.

“அழுதுட்டாம்மா.”

“அப்புறம் என்ன சொன்னா?”

“‘அழுதுட்டேனே தாத்தா’ன்னு திரும்பத் திரும்பச் சொன்னா. பிறகு பேச்சே இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கா. அசதியா இருக்கும்.”

அம்மையார் எழுந்து கிணற்றடிக்குப் போனார். ஒரு வாளி நீர் இறைத்து, உடுத்திய சேலையோடு தலையில் ஊற்றிக்கொண்டார். சாவுச் செய்தி கேட்டவர்கள் முழுகுகிற முழுக்கு அது.

சிவக்கொழுந்து பின்னாலேயே ஓடிவந்தார்.

“யாரும்மா தவறிட்டாங்க?”

“படகு திரும்பாத வீட்டுல அவங்க அழ மாட்டாங்க ஐயா. அழுதா, ஆளை விட்டுட்டோம்னு அர்த்தம்.”

அவர் விடுதிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“அவ அப்பா நேத்து சாயங்காலம்தான் செத்தார்” என்றார் அம்மையார்.