தும்மலில் பிறந்த கிராம்புச் சட்டம்

முன்னொரு காலத்தில், ராஜா ஒரு தும்மல் போட்டால் நாட்டில் ஒரு சட்டம் பிறந்துவிடும் என்கிற நிலையில் ஒரு ராஜ்யம் இருந்தது. ராஜா பெயர் பராக்கிரம பூபதி. ஒரு நாள் அவர் பல்லக்கில் மலைக்கோயிலுக்குப் போனார். பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்கிய பல்லக்குத் தூக்கிகள் ஆலமரத்தடியில் பல்லக்கை இறக்கி வைத்தார்கள். ஓரமாகப் போய் ஆளுக்கொரு கிராம்புச் சுருட்டைப் பற்றவைத்தார்கள். புகை திரைச்சீலைக்குள் நுழைந்தது. ராஜா தும்மினார். அவ்வளவுதான்!

மறுநாள் சபையில் மந்திரி அகோரலிங்கர் எழுந்தார். "மகாராஜா, வெறும் புகையிலையை எவன் தொடுவான்? வாசனைதான் இளசுகளை இழுக்கிறது. குடிமக்களின் நெஞ்சைக் காக்க வேண்டுமானால் வாசனையை ஒழிக்க வேண்டும்" என்றார். ராஜாவுக்கு அது நியாயமாகப் பட்டது. மாலையே தண்டோரா போட்டார்கள். புகையிலையோடு கிராம்போ ஏலமோ வேறெந்த வாசனைச் சரக்கோ சேரக் கூடாது. சேர்த்து வைத்திருப்பவர் யாராயிருந்தாலும் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போக வேண்டும். பச்சைக் கற்பூரம் மட்டும் விதிவிலக்கு.

அதற்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை என்று கேட்கிறீர்களா? பச்சைக் கற்பூரம் போட்ட புகையிலையை உக்காவில் வைத்து இழுப்பவர்கள் மாளிகைக்காரர்கள். அதைக் கடைவீதியில் விற்பவன் மந்திரியின் மைத்துனன். காரணம் போதுமா?

சட்டத்தில் முதலில் அகப்பட்டவன் செவந்தான் என்ற பல்லக்குத் தூக்கி. காதில் செருகியிருந்த பாதிச் சுருட்டை எடுத்தெறிய மறந்துபோனான், பாவம். அவனைச் சிறையில் போட்டார்கள்; மறுநாள் விடிந்தால் எல்லைக்கு வெளியே தள்ளிவிடுவார்கள். அவன் மனைவி செல்லக்கிளி, அரசவை விகடகவி உலகண்ணனின் வாசலில் வந்து நின்று கதறினாள்.

"சாமி, விடியக்காலப் பனியில பல்லக்கு தூக்குற மனுசன். அந்த ஒரு சுருட்டுதான் அவருக்குத் தெம்பு. மாளிகையில குபுகுபுன்னு ஊதுறாங்களே, அவுகள ஒருத்தரும் கேக்கலையே! மாசமா இருக்குறவ நான், எந்தக் காட்டுக்குப் போவேன்?"

உலகண்ணனுக்குச் சுருட்டு வாடையே ஆகாது. செவந்தான் எதிரே வந்தால் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவன் அவன். ஆனாலும் அவள் சொன்னதைக் கேட்டதும் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"அழாதே தாயி. வீட்டுக்குப் போய் உலையை வை. மூட்டை முடிச்சு எதுவும் கட்டாதே" என்று சொல்லி அனுப்பிவிட்டு நேரே சபைக்குப் போனான்.

"அரசே, புகை நெஞ்சுக்குக் கெடுதல்தான். கெடுதல் என்றால் எல்லார் புகையையும் நிறுத்துங்கள். பல்லக்கைச் சுமப்பவன் நெஞ்சுதான் கெடுமா? மாளிகைக்காரர் நெஞ்சென்ன இரும்பா?" என்று வெடித்தான்.

ராஜாவின் முகம் சுருங்கியது. உலகண்ணனைக் கவிழ்க்க வெகுநாளாகக் காத்திருந்த மந்திரிக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆயிற்று.

"மகாராஜா, விகடகவிக்கு நியாயத்தில் இத்தனை அக்கறை இருப்பதால், இந்தச் சட்டத்தை அவரே நடத்திக் காட்டட்டும். முத்திரை மோதிரத்தைக் கொடுத்து வாசனை அதிகாரி ஆக்குங்கள். பொழுது சாய்வதற்குள் கிராம்பும் புகையிலையும் சேர்ந்து மணக்கிற ஆள் அத்தனை பேரையும் பிடிக்க வேண்டும். ஒருவரை விட்டாலும் செவந்தானோடு இவரும் நடையைக் கட்டட்டும்."

உலகண்ணன் பல்லக்குத் தூக்கிகளின் தெருவில் போய்க் கைவைக்கட்டும், ஊரே அவன் முகத்தில் காறித் துப்பும் என்பது மந்திரியின் கணக்கு. ராஜாவும் தலையசைத்து மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார்.

"ஆளின் அந்தஸ்தைப் பார்க்கலாமா அரசே?" என்று உலகண்ணன் பணிவாகக் கேட்டான்.

"முகத்தையும் பார்க்காதே, அந்தஸ்தையும் பார்க்காதே. உன் மூக்கு சொல்வதை மட்டும் கேள்" என்றார் ராஜா.

வாசனை அதிகாரி உலகண்ணன் தெருவுக்குப் போகவில்லை. அங்கேயே ஒரு தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். மந்திரி மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

மதிய விருந்து முடிந்தது. தாம்பூலத் தட்டு வந்தது. அந்த அரண்மனை வழக்கப்படி, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிப் பாக்கு வைத்து மடித்து, மடிப்பு பிரியாமலிருக்க ஒரு கிராம்பைக் குத்தியிருப்பார்கள். அதைக் கன்னத்தில் அடக்கி, கூடவே ஒரு துண்டு புகையிலையையும் போட்டுக்கொண்டால்தான் பிரபுக்களுக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கும். சபை முழுக்க மென்றது.

உலகண்ணன் எழுந்து மந்திரியின் வாயருகே மூக்கை நீட்டினான். "கிராம்பு இருக்கிறது. புகையிலையும் இருக்கிறது. காவலா, இவரைப் பிடி!"

காவலன் திருதிருவென்று விழித்தான். மோதிரத்தைப் பார்த்ததும் மந்திரியின் கையைப் பிடித்தான். அடுத்து சேனாதிபதி, ராஜகுரு, ஆஸ்தானப் புலவர் என்று வரிசையாகப் பிடிபட்டார்கள்.

"அட மடையா! இது தாம்பூலம்! இதில் புகை எங்கே?" என்று மந்திரி கத்தினார்.

"செவந்தான் காதில் இருந்த சுருட்டு மட்டும் புகைந்துகொண்டா இருந்தது?" என்றான் உலகண்ணன்.

உலகண்ணன் சிம்மாசனத்துக்கு முன்னால் போய் நின்றான். ராஜாவின் கன்னம் உப்பியிருந்தது.

"தாங்கள் வாயைத் திறக்க வேண்டாம் அரசே. மூடியிருக்கும்போதே மணக்கிறது. ஒருவரை விட்டாலும் நான் போக வேண்டும் என்பது ஆணை. ஒன்றுதான் வருத்தம், எல்லை வரைக்கும் தாங்கள் நடந்தே போக வேண்டும். பல்லக்குத் தூக்குகிறவனைச் சிறையில் வைத்திருக்கிறோமே!"

ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. படிக்கம் எங்கே என்று தேடித் துப்பிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உலகண்ணன் சிரிக்கவில்லை.

"தங்களுக்கு இது வேடிக்கை. மாசமான ஒருத்தி காலையிலிருந்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். நம் வாயில் இருந்தால் தாம்பூலம், அவன் காதில் இருந்தால் குற்றமா? நிறுத்துவதானால் தங்கள் புகையிலையிலிருந்து தொடங்குங்கள். இல்லையென்றால் அவனை விடுங்கள்."

ராஜா தன் புகையிலைப் பெட்டியைப் பார்த்தார். அதை மூடி வைக்க அவருக்கு மனம் வரவில்லை. "செவந்தானை விடுங்கள். சட்டம் ரத்து" என்றார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி உலகண்ணனுக்குப் போட்டு, "இன்னும் என்ன வேண்டும், கேள்" என்றார்.

"நாளைக்கு மலைக்கோயில் ஏற்றத்தில் பல்லக்கின் முன்தண்டை மந்திரி தூக்க வேண்டும் அரசே. செவந்தானுக்குப் பக்கத்திலேயே."

மறுநாள் ஆலமரத்தடியில் பல்லக்கு இறங்கியது. மந்திரிக்கு உயிரே போய்விட்டது. தோள் கன்றி, நாக்கு வெளியே தள்ளி, அப்படியே வேரில் உட்கார்ந்தார். பக்கத்தில் செவந்தான் சுருட்டைப் பற்றவைத்தான். மந்திரி கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"ஏம்ப்பா... எனக்கும் ஒரு இழுப்பு கொடேன்."

"பச்சைக் கற்பூரம் இல்லீங்களே எசமான், கிராம்புதான்" என்று சொல்லிக்கொண்டே செவந்தான் நீட்டினான்.

புகை திரைச்சீலைக்குள் நுழைந்தது. ராஜாவுக்கு மூக்கு நமநமத்தது. இன்னொரு சட்டம் பிறந்துவிடப் போகிறதே என்ற பயத்தில் இரண்டு கையாலும் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு, தும்மலை விழுங்கினார்.