யாரைப்போலவும் இல்லாதவளுக்கு ஒரு கோப்பை

ஒரு கோப்பைக்கு மூன்று பேர் சொந்தம் கொண்டாடிய கதை இது. அந்தக் கோப்பை பத்து வருடம் என் பீரோவில் புடவைகளுக்குப் பின்னால் கிடந்தது. அது யாருக்குச் சேர வேண்டும் என்று கடைசியில் உங்களைத்தான் கேட்பேன். நடுவில் பதில் தோன்றினாலும் வாயைத் திறக்காமல் கேளுங்கள்.

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரி. கணிதம் மூன்றாம் ஆண்டு, நாங்கள் நாற்பத்திரண்டு பேர். ஒரு ஜிபி டேட்டாவை ஒரு மாதம் வைத்து ஓட்டிய காலம் அது. படம் திறந்தால் முதலில் நெற்றி வரும், பிறகு மூக்கு, வாய் வருவதற்குள் மணி அடித்துவிடும். கேன்டீன் பக்கத்து வேப்பமரத்தடியில் ஒரே போனுக்குள் ஆறு தலைகள் முட்டிக்கொண்டு காத்திருப்போம். இன்று எல்லோரிடமும் நல்ல போன் இருக்கிறது, முட்டுவதற்குத்தான் பக்கத்தில் தலை இல்லை.

கடைசி ஆண்டு எங்கள் வகுப்பின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு போட்டி வைத்தோம். பெயர், 'யாரைப்போலவும் இல்லாதவள்'. ஆளுக்கொரு படம் போட வேண்டும், அதிக லைக் வாங்குகிறவளுக்குக் கோப்பை. யாரைப்போலவும் இல்லாதவளை, எல்லோருக்கும் பிடித்ததை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்ற அந்த அபார யோசனை வகுப்புத் தலைவியான என்னுடையது.

அந்த மாதம் பார்த்து இரட்டைச் சடையும் கனகாம்பரமும் மோஸ்தராகிவிட்டது. எவளோ ஒரு சென்னைப் பெண் அப்படிப் படம் போட, அது ஊரெல்லாம் சுற்றி எங்கள் போனுக்கும் வந்து சேர்ந்தது. நான் உட்பட முப்பத்தொன்பது பேர் அதே சடை, அதே பூ, அதே ஓரப் பார்வை. பெயரை மறைத்தால் எங்கள் வீட்டாருக்கே அடையாளம் தெரிந்திருக்காது. இவர்களில் எவளும் கோப்பை கேட்கவில்லை. கேட்டது மீதி மூன்று பேர்.

முதலாவது மெர்லின் பியூலா. இடுப்பளவு முடியை ஆண்பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டிப் படம் போட்டாள். எண்ணூற்றுப் பன்னிரண்டு லைக். வெட்டுவதற்கு முந்தின நாள் மூன்று முடிவெட்டுப் படங்களை மரத்தடிக்குக் கொண்டுவந்து, "எதுக்குட்டி லைக் அள்ளும்?" என்று கேட்டாள். நாங்கள் கை தூக்கினோம். அதிகக் கை விழுந்ததை வெட்டிக்கொண்டாள்.

இரண்டாவது நஸ்ரீன். படமே போடவில்லை, ஃபேஸ்புக் கணக்கையே மூடிவிட்டாள். "ஆட்டுமந்தையில சேராதவ நான் ஒருத்திதான். கோப்பை எனக்கு" என்றாள். அதிலும் நியாயம் இருந்தது. ஆனால் தினமும் மதியம் என் போனைப் பிடுங்கி, "நான் எங்கன்னு எவளாச்சும் கேட்டிருக்காளாட்டி?" என்று தேடுவாள்.

மூன்றாவது ஆவுடைச்செல்வி, பாபநாசத்துக்காரி. முதல் வருடம் வகுப்புக்குள் அவள் கால் வைத்த அன்றே தலையைப் பார்த்து, "என்னட்டி, கல்யாண வீட்டுக்கா வந்திருக்க?" என்று நான் கேட்க, வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டு நேராக என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். மூன்று வருடமும் அதே இடம்தான். போட்டிக்கு அவளும் இரட்டைச் சடையும் கனகாம்பரமுமாகத்தான் படம் போட்டாள். பதினோரு லைக்.

"எனக்கும் அந்தக் கோப்பையக் கேக்க உரிமை உண்டு" என்றாள்.

"ஏட்டி, போ, காப்பி ஆவுடை" என்றேன் நான்.

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பார்க்கிற இடமெல்லாம் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அடுத்த வாரம் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து வெளியேறினாள். கடைசித் தேர்வன்று என்னிடம் சொல்லாமலே ஊருக்குப் போய்விட்டாள். மெர்லினும் நஸ்ரீனும் சண்டை போட்டதில் கோப்பை என்னிடமே தங்கிவிட்டது.

போன மாதம், பழைய மாணவிகள் கூடுகிறோம் என்றதும் இருவரும் மறுபடி கோப்பையைக் கேட்டார்கள். ஆவுடையை யாரும் அழைக்கவில்லை, அவள் எண் யாரிடமும் இல்லை. மேடையில் நான் வேறு யாருக்காவது அதைக் கொடுத்துவிட்டால், அவள் கடைசிவரை காப்பி ஆவுடையேதான்.

இப்போது சொல்லுங்கள். எண்ணூறு லைக் வாங்கியவளா, விலகி நின்றவளா, நாற்பதில் ஒருத்தியாக நின்றவளா? கோப்பை யாருக்குச் சேரும்?

விடை: ஆவுடைக்குத்தான். மெர்லினின் தலை எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது எங்கள் கைகள். நஸ்ரீன் கூட்டத்தை விட்டுப் போனாள், ஆனால் கூட்டம் தேடுகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். முதல் வருட வகுப்புப் படத்தை எடுத்துப் பார்த்தேன். நாற்பத்திரண்டு தலைகளில் ஒரே ஒரு தலையில்தான் இரட்டைச் சடையும் கனகாம்பரமும். அதைத்தான் அன்று நான் கேலி செய்திருக்கிறேன். மூன்று வருடமும் அவள் தன் பாட்டுக்கு இருந்தாள். நாங்கள்தான் சென்னை வழியாகச் சுற்றி அவளிடம் வந்து சேர்ந்து, அவளையே காப்பி என்றோம்.

கோப்பையோடு பாபநாசம் போய் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவைத் திறந்த ஆவுடைக்குக் கழுத்தளவுதான் முடி. "வெக்கைக்கு வெட்டிட்டேன்" என்றாள். படம் போட்டாயா என்றதற்கு, "எதுக்கு?" என்றாள். அவள் உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்ததும், வந்த காரணத்தைச் சொல்லிக் கோப்பையை நீட்டினேன். அவள் அதை வாங்கவில்லை.

"அது கெடக்கட்டும். அந்தப் பதினோரு லைக்ல உன்னுது இருந்துச்சாட்டி?"

"இல்லட்டி" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கட்டிலில் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.