பால் வண்டிக்குப் பின்னால் ஒரு கார் பந்தயம்

கொக்கிரமங்கலத்துக்காரர்களை முட்டாள்கள் என்று சுற்றுவட்டாரத்தில் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முட்டாளுக்குச் சொன்னது புரியாது. இவர்களுக்குச் சொன்னது அப்படியே புரியும். சொன்னதற்கு மேல் ஒரு பொட்டு கூடப் புரியாது, அவ்வளவுதான்.

இந்த ஊரில் மூக்கையா என்று ஒருவர் சலூன் வைத்திருந்தார். ஒரு நாள் அவர் கடை டிவியின் ரிமோட் வெந்நீர்க் கிண்ணத்தில் விழுந்து உயிரை விட்டது. அன்றைக்கு எந்தச் சேனல் ஓடியதோ அதிலேயே டிவி நின்றுவிட்டது. அது ஒரு வெளிநாட்டு விளையாட்டுச் சேனல். காலையிலிருந்து ராத்திரி வரை அமெரிக்காவில் கார்கள் வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

முதலில் முடிவெட்ட வந்தவர்கள் பார்த்தார்கள். பிறகு ஊரே வந்தது. கடையில் இடம் போதாமல், முடி வெட்டிக்கொள்கிறவர்களுக்கு மட்டும்தான் உட்கார இடம் என்று மூக்கையா ஒரு சட்டம் போட்டார். ஜனங்கள் மறு பேச்சில்லாமல் தினமும் வெட்டிக்கொண்டார்கள். முடி தீர்ந்துபோனவர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள்.

டிவியில் பேசியது இங்கிலீஷ். மூக்கையாதான் அதைத் தமிழில் சொன்னார். அவருக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. இங்கிலீஷ் வாத்தியார் ஒருவருக்குப் பல வருஷம் முடி வெட்டியவர்.

“இது ஸ்டாக் கார் ரேஸ்,” என்றார்.

“ஸ்டாக் கார்னா என்னண்ணே?”

“ரேஷன் கடையில ஸ்டாக் இருக்கு, ஸ்டாக் இல்லைங்கிறாங்கல்ல? அதே ஸ்டாக்குதான். சரக்கு ஏத்தின கார்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். சும்மா காரை ஓட்டுவது யாராலும் முடியும், சரக்கோடு ஓட்டுவதுதான் திறமை என்று அவர்களுக்கும் பட்டது.

அந்தப் பந்தயத்தில் ஒரு விதி இருந்தது. ஓடுகிற பாதையில் ஏதாவது விழுந்தால் உடனே மஞ்சள் கொடி காட்டுவார்கள். ஒரு பாதுகாப்பு வண்டி வந்து முன்னால் மெதுவாகப் போகும். மற்ற கார்களெல்லாம் அதன் பின்னால் வரிசை கட்ட வேண்டும். ஒருவரும் முந்தக் கூடாது. பாதையைக் கூட்டிச் சுத்தம் செய்த பிறகு பச்சைக் கொடி. மறுபடியும் பந்தயம்.

இந்த மஞ்சள் கொடியால்தான் ஊர் இரண்டாகப் பிரிந்தது.

வெங்காய வியாபாரி வெள்ளைக்கண்ணு மஞ்சள் கொடிக் கட்சி. பின்தங்கியவனும் வந்து சேர்ந்துகொள்ளலாம், இதுதான் நியாயம் என்பது அவர் கருத்து. கோழிப்பண்ணை சோலையப்பனுக்கு மஞ்சள் கொடியைக் கண்டாலே ஆகாது. ஒருத்தன் உயிரைக் கொடுத்து முன்னால் போவானாம், எவனோ ஒருத்தன் வண்டியிலிருந்து ஒரு நட்டு கழன்று விழுந்ததும் எல்லோரும் முன்னால் போனவன் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார்களாம், இது என்ன அநியாயம் என்று கேட்பார். டிவிக்காரன் சுவாரசியத்துக்காகவே வேண்டுமென்று கொடி காட்டுகிறான் என்றும் சொல்வார்.

இதில் சங்கடம் என்னவென்றால், வெள்ளைக்கண்ணுவின் மகளைச் சோலையப்பனின் மகன் கதிரேசனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். நிச்சயதார்த்தப் பந்தி நடந்துகொண்டிருந்தபோது யாரோ ஒருவர் இலையிலிருந்து ஓர் அப்பளம் தரையில் விழுந்தது. வெள்ளைக்கண்ணு எழுந்து, தோளில் கிடந்த மஞ்சள் துண்டை ஆட்டினார். பெண் வீட்டார் அத்தனை பேரும் கையை அப்படியே நிறுத்திக்கொண்டு, அப்பளத்தை எடுக்கும்வரை காத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் நிறுத்தவில்லை. இவர்கள் மறுபடியும் சாப்பிட ஆரம்பித்தபோது பாயசம் தீர்ந்துபோயிருந்தது.

அதோடு கல்யாணம் நின்றது. சோலையப்பன் வீட்டுக்குப் போய் நிதானமாக யோசித்ததில் இன்னொரு விஷயமும் அவருக்கு உறைத்தது. பெண்ணின் பெயர் பொற்கொடி.

“பொன்னு என்ன கலரு? மஞ்சள். அப்ப அந்தப் புள்ள பேரே மஞ்சக் கொடி. தெரிஞ்சே அதை எப்படிய்யா வீட்டுக்குள்ள கொண்டாரது?” என்று மகனிடம் கேட்டார். கதிரேசன் எழுந்து வெளியே போனான். மோட்டார் ரூமில் போய் உட்கார்ந்து அழுதான்.

பெண்ணின் பெயரை மாற்றிவிடலாம், பச்சைக்கொடி என்று வைக்கலாம் என்று சிலர் சமாதானம் பேச வந்தார்கள். பொற்கொடி ஒத்துக்கொள்ளவில்லை. அவளுக்குக் கதிரேசனைப் பிடித்திருந்தது. அவன் ஒருவன்தான் அவளைப் பார்க்க வரும்போதெல்லாம் தலையில் முடியோடு வந்தான்.

“அப்பா,” என்றாள் அவள், “கொடியைப் பத்திப் பேசிப் பேசி என் கல்யாணத்தைக் கெடுத்துட்டீங்க. நீங்களும் மாமாவும் கார் வச்சிருக்கீங்கல்ல. ஓட்டிப் பாருங்க. ஜெயிக்கிறவர் சொல்றதை ஊரு கேட்கட்டும். தோத்தவர் வாயை மூடிக்கிட்டுப் பந்தலுக்கு வரட்டும்.”

இவ்வளவு அறிவான யோசனை அந்த ஊரில் அதுவரை யாரும் சொன்னதில்லை. பயந்துபோய் உடனே ஒப்புக்கொண்டார்கள்.

வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் வட்டமாகப் பாதை போட்டார்கள். சுண்ணாம்புப் பொடியால் குறுக்கே ஒரு கோடு கிழித்தார்கள். கடைசிச் சுற்றில் அதை முதலில் தொடுகிற வண்டிக்கு வெற்றி. பரிசு, மூக்கையா கொடுத்த பித்தளைக் குடம். வெள்ளைக்கண்ணுவின் பழைய அம்பாசிடரில் வெங்காயம் ஏற்றினார்கள். சோலையப்பனின் பியட்டில் முட்டை. ஸ்டாக் இல்லாத காரைப் பந்தயத்தில் சேர்க்க மூக்கையா சம்மதிக்கவில்லை. சுற்றுகளுக்குப் போதுமான அளவு மட்டும் பெட்ரோல் ஊற்றிக்கொண்டார்கள்.

பந்தயத்தில் மஞ்சள் கொடி உண்டா, இல்லையா என்று ஒரு கேள்வி வந்தது. சோலையப்பன் அன்று முழுக்க யோசித்துவிட்டு ஒரு முடிவு சொன்னார்.

“கொடி இருக்கட்டும். நான் அதை மதிக்காமப் போயிட்டா, அது எவ்வளவு அநியாயம்னு ஜனங்களுக்கு எப்படித் தெரியும்? எதிர்ப்புத் தெரிவிச்சுக்கிட்டே மதிக்கிறேன்.” சொன்னபடியே சட்டையில் கறுப்புத் துணி குத்திக்கொண்டு வந்தார்.

கொடி காட்டும் பொறுப்பு மூக்கையாவுக்கு. பாதுகாப்பு வண்டிக்கு, ஊரிலேயே மெதுவாகப் போகிற வண்டியைத் தேடினார்கள். இருளாண்டியின் பால் வண்டி அகப்பட்டது. குட்டியானை என்கிறார்களே, அந்தச் சின்ன லோடு வண்டி. இருளாண்டி நல்ல மனுஷன். டிவியே பார்க்காதவர். என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

“மஞ்சக் கொடி காட்டினதும் முன்னால வந்துரு. எப்பவும் நீ எப்படிப் போவியோ அப்படியே மெதுவாப் போ. பச்சைக் கொடி காட்டுற வரைக்கும் போய்க்கிட்டே இரு. பின்னால வர்றவங்களை விட்டுட்டு மட்டும் போயிராதே,” என்றார் மூக்கையா.

பந்தயம் தொடங்கியது. முதல் சுற்றிலேயே சோலையப்பன் வெகுதூரம் முந்திவிட்டார். அவரை எட்டிப் பிடிக்கிற வேகத்தில் வளைவில் திரும்பப் போன அம்பாசிடரின் பின்கதவு திறந்து, வெங்காயம் பாதை முழுக்கக் கொட்டியது. மூக்கையா மஞ்சள் கொடியைத் தூக்கினார். பால் வண்டி வந்தது. பியட் முனகிக்கொண்டே அதன் பின்னால் ஒடுங்கியது. அம்பாசிடரும் வந்து ஒட்டிக்கொண்டது.

பொற்கொடியும் கதிரேசனும் மற்றவர்களும் குனிந்து வெங்காயம் பொறுக்கினார்கள். பொறுக்கி முடித்து நிமிர்ந்து பார்த்தால் கண்மாயில் ஒரு வண்டியையும் காணோம்.

இருளாண்டி எப்பவும் போவது போலப் போய்விட்டார். எப்பவும் அவர் போவது டவுனில் இருக்கும் பால் பண்ணைக்கு. கண்மாய்க் கரையேறி, தோப்பு வீட்டில் நிறுத்தி ஆரன் அடித்துப் பால் வாங்கினார். பின்னால் இரண்டு கார்களும் நின்றன. காலனி முனையில் நிறுத்தினார். அங்கேயும் நின்றன. ஒரு வீட்டில் மாடு கன்று போட்டிருக்கிறது என்று சீம்பால் கொடுத்தார்கள். மூவரும் வரிசை மாறாமல் நின்று சாப்பிட்டார்கள். வழியில் யாரோ என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, கடுமையான போட்டி நடக்கிறது, தொந்தரவு செய்யாதே என்று வெள்ளைக்கண்ணு சொன்னாராம்.

மூக்கையா பச்சைக் கொடியை எடுத்துக்கொண்டு சைக்கிளில் துரத்தினார். வாய்க்கால் பாலம் தாண்டிப் பிடித்தும் விட்டார். கொடியைத் தூக்கப் போன நேரம் பனைமரத்திலிருந்து ஒரு காய்ந்த மட்டை ரோட்டில் விழுந்தது. இறங்கி அதை இழுத்துப் போட்டார். அதற்குள் ஆட்டு மந்தை ஒன்று கடந்து போனது. ஆடுகள் போன பிறகு ரோடு இருந்த இருப்பைப் பார்த்து, துடைப்பம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனார். அவர் மனசாட்சி உள்ளவர். ரோடு சுத்தமாகாமல் பச்சை காட்டுவது அவருக்கு ஆகாத காரியம்.

கூட்டி முடித்துப் பார்த்தபோது ரோட்டில் ஒரு சருகு கூட இல்லை. மூக்கையா சைக்கிளை மிதித்துப் போய், கார்களுக்கு முன்னால் நின்று, பச்சைக் கொடியை உயர்த்தி ஆட்டினார்.

யாரும் நகரவில்லை. இரண்டு கார்களிலும் பெட்ரோல் தீர்ந்திருந்தது.

இருளாண்டி, விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று சொல்லியிருந்ததால், தானும் நின்றுவிட்டார். பின்னால் ஒரு மினி பஸ் ரொம்ப நேரமாக வழி கிடைக்காமல் வந்துகொண்டிருந்தது. அதுவும் நின்றது.

அங்கேயே கூட்டம் போட்டுப் பேசினார்கள். காரைத் தள்ளிக்கொண்டு போகலாம் என்றார் வெள்ளைக்கண்ணு. தள்ளினால் அது கார் பந்தயம் ஆகாது, தள்ளுகிற பந்தயம் ஆகிவிடும் என்றார் சோலையப்பன். எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது.

“கார் கோட்டுக்குப் போக முடியாது,” என்றார் மூக்கையா கடைசியில். “கோடு காருக்கு வரலாம்ல?”

அவர் ஊருக்குத் திரும்பிப் போய் ஏற்பாடு செய்தார். ஒரு கயிற்றைச் சுண்ணாம்புக் கோட்டின் மேல் வைத்து, கோடு முழுவதும் கயிற்றில் ஏறும்வரை தேய்த்தார்கள். இரண்டு கட்சிக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று ஒரு முனையைப் பொற்கொடியும் மறு முனையைக் கதிரேசனும் பிடித்துக்கொண்டார்கள். ரோடு நெடுக ஓடி வந்தார்கள். வெள்ளைக்கண்ணுவும் சோலையப்பனும் தத்தம் கார்களுக்குள் நிமிர்ந்து உட்கார்ந்து, ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, வருகிற கோட்டைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாதி வழியில் கதிரேசனின் செருப்பு வார் அறுந்து ரோட்டில் விழுந்தது. மூக்கையா மஞ்சள் கொடியைத் தூக்கிவிட்டார். கோடு மெதுவாகத்தான் வர வேண்டும் என்று ஆகிவிட்டது. இரண்டு பேரும் நடந்தார்கள். ஒருவரை ஒருவர் முந்தாமல், அக்கம்பக்கம் பார்க்காமல், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்ததைப் பார்த்து பஸ்ஸிலிருந்த ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம்.

கோடு ஊர்ப் பக்கத்திலிருந்து, அதாவது பின்னாலிருந்து வந்தது. அதனால் முதலில் தொட்டது மினி பஸ்ஸின் முதுகை.

மூக்கையா குனிந்து, கயிறு பஸ்ஸில் பட்ட இடத்தைச் சரிபார்த்தார். பிறகு சோலையப்பன்தான் முதலில் காரைவிட்டு இறங்கி, தோல்வியை ஒத்துக்கொண்டார். சரக்கும் பஸ்ஸில்தான் அதிகம், ஆளும் மூட்டையுமாக நிறைந்திருக்கிறது, நியாயமான வெற்றிதான் என்றார். வெள்ளைக்கண்ணு அதை ஆமோதித்தார். இருவரும் ஒரே விஷயத்தை ஒத்துக்கொண்டு பல நாள் ஆகியிருந்தது.

இதற்குள் பொறுமை இழந்த பயணிகள் இறங்கி, இரண்டு கார்களையும் ஓரமாகத் தள்ளிவிட்டு மறுபடி ஏறிக்கொண்டார்கள். மூக்கையா ஓடிப் போய், படியில் தொங்கிய கண்டக்டரின் கையில், ஊரிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்த பித்தளைக் குடத்தைக் கொடுத்தார்.

“ஜெயிச்சது நீங்க. உங்க வார்த்தைதான் இனி ஊருக்குச் சட்டம். யோசிச்சுச் சொல்லுங்க. மஞ்சக் கொடி சரியா, தப்பா?”

கண்டக்டர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, ரோட்டை முன்னும் பின்னும் பார்த்து, விசிலை ஊதினார்.

“ரைட்டு, ரைட்டு. போலாம்.”

பஸ் கிளம்பிவிட்டது.

“கேட்டீங்களா? ரைட்டுன்னுட்டாரு. ரெண்டு தடவை,” என்றார் வெள்ளைக்கண்ணு.

“போலாம்னும் சொன்னாரே. எது விழுந்தாலும் நிக்காமப் போலாம்னுதானே அர்த்தம்?” என்றார் சோலையப்பன்.

இருவரும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்து, இருவருமே ஜெயித்துவிட்டதாகக் கண்டுகொண்டார்கள். கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். சோலையப்பன் கறுப்புத் துணியைக் கழற்றி வீசினார். ஆவணியிலேயே கல்யாணம் என்று ரோட்டில் வைத்தே முடிவானது. பொற்கொடி கயிற்றை அப்போதுதான் கீழே போட்டாள்.

மூக்கையா மட்டும் அசையாமல் நின்றார். அவர் கையில் மஞ்சள் கொடி இன்னும் இருந்தது. கதிரேசனின் செருப்பை யாரும் எடுக்கவில்லை.

“மஞ்சக் கொடி இருக்கும்போதே அந்த பஸ்ஸு பால் வண்டியை முந்திக்கிட்டுப் போயிருச்சு,” என்றார். “அதைக் கூட்டியாந்து வரிசையில கடைசியா நிறுத்தணும்.”

சட்டம் என்று வந்துவிட்டால் கொக்கிரமங்கலத்தில் கட்சி கிடையாது. அடுத்து வந்த டவுன் பஸ்ஸை மறித்து எல்லோரும் ஏறினார்கள். முன்னால் போகிற மினி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், ஆனால் வழியில் எந்த வண்டியையும் முந்தக் கூடாது என்று டிரைவரிடம் விளக்கினார்கள்.

டிரைவர் கியரோடு கொஞ்சம் போராடிவிட்டு, “நான் இந்த வண்டியை எடுத்த நாளையிலிருந்து ஒண்ணையும் முந்தினதில்லைங்க,” என்றார்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு பெரிய பாதுகாப்பு வண்டியை அவர்கள் டிவியில் கூடப் பார்த்ததில்லை. மரியாதையாகக் கீழே இறங்கி, பஸ்ஸுக்குப் பின்னால் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நின்று, நடந்தே தொடர்ந்தார்கள். டவுன் வரைக்கும் ஒருவரும் அதை முந்தவில்லை. அதற்காக அடிக்கடி நடையைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது என்று மட்டும் பிற்பாடு சொன்னார்கள்.