நெடுங்கையனின் ஆறாத தோள்

இலுப்பைக் காட்டின் நடுவே ஒரு குளம் இருந்தது. கோடை வந்தால் குளம் வற்றி, கடைசியில் ஒரே ஒரு மடு மட்டும் மிஞ்சும். காட்டில் உள்ள அத்தனை வாய்க்கும் அதுதான் தண்ணீர்.

அந்த மடுவில் யார் முதலில் குடிப்பது? இதற்காக அடித்துக்கொண்டு சாகாமல் இருக்க விலங்குகள் ஒரு வழக்கம் வைத்திருந்தன. கோடை தொடங்கும்போது விளாங்காய் ஆட்டம் நடக்கும். குன்று அணி, புதர் அணி, நாணல் அணி என்று மூன்று அணிகள். விளாங்காயை எப்படியாவது கொண்டுபோய் எதிரணியின் மரத்தடியில் சேர்க்க வேண்டும். ஜெயித்த அணி, மழை வரும்வரை விடியலில் முதலாவதாகக் குடிக்கும். கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீர்! அதற்குப் பிறகு நாணல் அணியின் பன்றிகள் இறங்கிவிடும். பன்றிகள் இறங்கிய பிறகு அது தண்ணீரா சேறா என்று கேட்கக் கூடாது.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஆட்டத்துக்காக அடிபட்டவர் எந்த அணியாக இருந்தாலும், காயம் ஆறும்வரை எல்லோருக்கும் முன்னால் குடிக்கலாம். தானாகக் குடிக்க முடியாதவர் ஒரு துணையை வைத்துக்கொள்ளலாம். துணையும் கூடவே குடிக்கலாம். இதுவரை யாருக்கும் பெரிதாக அடிபட்டதில்லை. அதனால் பாதிப் பேருக்கு இந்த வழக்கம் மறந்தே போயிருந்தது.

புதர் அணியின் தலைவி துள்ளி என்ற முயல். போன கோடையில் சேற்றுத் தண்ணீர் குடித்து அதன் குட்டி பஞ்சுவுக்கு வயிறு கெட்டுவிட்டது. குட்டி பிழைத்ததே பெரும்பாடு. இன்னும் எலும்பும் தோலுமாகத்தான் இருந்தது.

“இந்த வருஷம் ஜெயிச்சே ஆகணும்! இன்னொரு கோடையை இவன் தாங்கமாட்டான்!” என்று துள்ளி தன் அணியிடம் சொல்லிக்கொண்டே இருந்தது.

ஆனால் குறுக்கே நின்றது நெடுங்கையன். குன்று அணியின் கருங்குரங்கு அது. நெடுங்கையன் கையை வீசினால் விளாங்காய் மரங்களுக்கு மேலே பறந்துபோய், தன் அணிக்காரரின் மடியில் சொல்லி வைத்தாற்போல விழும். அதைத் தடுக்க ஒரே வழி, துள்ளி எம்பிக் குதித்துப் பின்னங்காலால் காயைத் தட்டிவிடுவதுதான். அதனால் புதர் அணிக்குப் பயிற்சி என்றால் ஒன்றே ஒன்றுதான். பயிற்சி தரும் நரி ஊளையன் புற்றின் மேல் ஏறி நின்று காயை வீசும். முயல், கீரி, முள்ளம்பன்றி எல்லாம் கழுத்தைத் தூக்கி வானத்தையே பார்த்துக்கொண்டு ஓடும்.

ஒருநாள் காலை தவிட்டுக்குருவி ஒன்று கத்திக்கொண்டே பறந்து வந்தது.

“சேதி தெரியுமா? பயிற்சி செய்யறப்போ கிளை ஒடிஞ்சு நெடுங்கையன் விழுந்துட்டான்! தோள் போச்சு! இந்த வருஷம் ஆடமாட்டான்!”

புதர்க்காடே கூத்தாடியது. நாணல் அணியின் பன்றிகள்கூட, “அப்ப நாங்களும் ஜெயிப்போம்!” என்று உறுமின. அவை ஒருநாளும் பயிற்சி செய்ததில்லை.

துள்ளிக்கும் சந்தோஷம்தான். மறைப்பானேன்? இரண்டு குதி குதித்தது. பஞ்சுவை நக்கிக்கொடுத்து, “பிழைச்சோம்டா கண்ணா!” என்றது.

ஊளையன் வாலை ஆட்டியது. “இனிமே பயிற்சி எதுக்கு? எல்லாரும் நிம்மதியாத் தூங்குங்க! துள்ளி, நீ மட்டும் போய் அவன் நெசமாவே அடிபட்டுக் கிடக்கானான்னு ஒரு எட்டுப் பார்த்துட்டு வா. குரங்கை நம்ப முடியாது!”

துள்ளி குன்றுக்குப் போனது. பாறை நிழலில் நெடுங்கையன் தனியாகச் சாய்ந்திருந்தது. தோள் வீங்கி, அந்த நீளக் கை துவண்டு கிடந்தது.

“வா துள்ளி! உளவு பார்க்கத்தானே வந்தே? நல்லாப் பாரு. நெசமான அடிதான்!” என்று அது சிரித்தது. சிரிக்கும்போதே வலியில் முகம் சுருங்கியது.

துள்ளிக்கு வெட்கமாகப் போய்விட்டது. “தண்ணி குடிச்சீங்களா அண்ணே?”

“என்னால இறங்க முடியலை. எங்க பசங்களை நான்தான் பயிற்சிக்கு விரட்டிவிட்டேன். சாயங்காலம் கொண்டு வருவாங்க.”

அதன் உதடு வெடித்திருந்தது. துள்ளி உடனே குன்றை விட்டு இறங்கியது. ஒரு தேக்கிலையைத் தொன்னையாகச் சுருட்டி, மடுவில் மொண்டு, வாயில் கவ்விக்கொண்டு ஏறியது. பாதி வழியில் எல்லாம் சிந்திவிட்டது. திரும்பப் போய் மொண்டு வந்தது.

நெடுங்கையன் ஒரு சொட்டு விடாமல் குடித்தது. பிறகு சொன்னது:

“துள்ளி, ரொம்ப நாளா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். முன்னாடியெல்லாம் நான் எறிஞ்சா காய் இந்தப் பாறையைக்கூடத் தாண்டாது. நீ குதிச்சுக் குதிச்சுத் தட்டிவிட்டே. உனக்குப் பயந்துதான் உசரமா எறியப் பழகினேன். இந்தக் கையை வளர்த்தது நீதான்!”

துள்ளி தன் பின்னங்கால்களைப் பார்த்துக்கொண்டது. தான் இத்தனை உயரம் குதிப்பது மட்டும் யாரால்? இதைத் தான் ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லையே!

“அண்ணே, நீங்க விழுந்தீங்கன்னு கேட்டதும் நான் சந்தோஷத்துல குதிச்சேன்,” என்று உண்மையைச் சொல்லிவிட்டது.

“எவ்வளவு உசரம்?” என்றது நெடுங்கையன்.

இரண்டும் சிரித்தன.

அன்றுமுதல் துள்ளி தினமும் உச்சிவேளையில் தண்ணீர் கொண்டுபோனது. ஊளையன் திட்டியது. துள்ளி காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆட்டத்தைப் பற்றித் துள்ளியும் கேட்கவில்லை, நெடுங்கையனும் சொல்லவில்லை. பஞ்சுவைப் பற்றி மட்டும் நிறையப் பேசின.

ஆட்டம் தொடங்கியது. முதல் நாள் குன்று அணி பன்றிகளைத் தோற்கடித்தது. எப்படி ஜெயித்தது என்று போய்ப் பார்க்கக்கூடப் புதர் அணியில் ஆள் இல்லை. எல்லாம் நல்ல தூக்கத்தில் இருந்தன.

மறுநாள் புதர் அணி களத்தில் இறங்கியது. எதிரே குன்று அணியின் நடுவில் உருளி என்ற அழுங்கு நின்றது. உடம்பெல்லாம் செதில். பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும்.

“இதுவா எறியப் போகுது? இதுக்குக் கையே சரியா இல்லையே!” என்று கீரி கேலி செய்தது.

நடுவர் ஆமை தலையசைத்தது. உருளி காயை எடுத்தது. புதர் அணி மொத்தமும், பழகிய பழக்கத்தில், கழுத்தைத் தூக்கி வானத்தைப் பார்த்தது.

வானத்தில் ஒன்றும் வரவில்லை. உருளி காயை வயிற்றில் வைத்துச் சுருண்டு, களத்தின் சரிவில் உருண்டு, அண்ணாந்து நின்றவர்களின் கால்களுக்கு நடுவே புகுந்து, நேரே மரத்தடியில் போய் நின்றது!

“காய் எங்கே? காய் எங்கே?” என்று முள்ளம்பன்றி இன்னும் மேகத்தில் தேடிக்கொண்டிருந்தது.

“கீழே பாருங்க! கீழே!” என்று துள்ளி கத்தியது. நாலு பேர் குனிவார்கள். அடுத்த நொடி தாங்களாகவே நிமிர்ந்துகொள்வார்கள். பழகிய கழுத்து கேட்டால்தானே! பொழுது சாய்வதற்குள் புதர் அணி மண்ணைக் கவ்வியது.

துள்ளி பஞ்சுவை அணைத்துக்கொண்டு அழுதது. “உன்னைக் காப்பாத்த முடியலையேடா!”

மறுநாள் விடிந்தது. விலங்குகள் எல்லாம் மடுவைச் சுற்றி நின்றன. குன்று அணிக்காரர்கள் நெடுங்கையனைத் தூக்கி வந்து கரையில் உட்காரவைத்தார்கள்.

“அடிபட்டவருக்கு முதல் தண்ணின்னு ஒரு வழக்கம் இருக்குல்ல?” என்று நெடுங்கையன் கேட்டது.

“இருக்கு,” என்றது ஆமை.

“எனக்குத் தொன்னை பிடிக்க முடியாது. துணைக்குத் துள்ளி வரட்டும்.”

உருளி பதறியது. “என்னண்ணே, எதிரணியையா கூப்பிடறீங்க?”

“நீங்க எல்லாம் பயிற்சியில இருந்தப்போ எனக்குத் தண்ணி கொண்டு வந்தது யாரு? நான் நன்றி மறந்தவன் இல்லைடா. துள்ளி, குட்டியை விட்டுட்டு வராதே. அவனையும் கூட்டிட்டு வா!”

உருளி தலைகுனிந்து வழிவிட்டது. துள்ளி பஞ்சுவைக் கூட்டிக்கொண்டு முன்னால் வந்தது. முன்னங்கால்களால் தொன்னையைப் பிடித்தது. நெடுங்கையன் ஒரு வாய்தான் குடித்தது. மீதியைப் பஞ்சுவின் பக்கம் தள்ளியது.

கோடை முழுக்க இப்படியே நடந்தது. பஞ்சு கொழுகொழுவென்று ஆனது.

“தோள் எப்படிண்ணே இருக்கு?” என்று உருளி அடிக்கடி கேட்கும்.

“ஐயோ, வலி உயிர் போகுது!” என்று நெடுங்கையன் முனகும். ஆமை மட்டும் ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு சிரிக்கும்.

ஒருநாள் பிற்பகலில் முதல் மழை கொட்டியது. நெடுங்கையன் இரண்டு கையாலும் கிளையைப் பற்றி ஒரே தாவில் இலுப்பை மரத்தின் உச்சிக்குப் போனது! துள்ளி நனைந்துகொண்டே அண்ணாந்து பார்த்தது. இந்த முறை மேலே பார்த்ததில் ஒரு தப்பும் இல்லை.

“அண்ணே! எத்தனை நாளாச்சு இந்தத் தோள் ஆறி?”

“அதெல்லாம் எதுக்கு உனக்கு? நாளைக்குக் காலையில களத்துக்கு வா. நீ தட்டிவிடலைன்னா என் கை பழசை மறந்துடும்!”

“வர்றேன்ணே! இந்தக் குதி நீங்க குடுத்தது. என் பிள்ளையோட உசிரும் நீங்க குடுத்ததுதான்!” என்று துள்ளி சொன்னது. அதன் கண்ணில் வழிந்தது மழை மட்டும் இல்லை.

எதிராளி விழுந்ததால் நம் பலம் கூடிவிடாது. நம்மை இத்தனை தூரம் வளர்த்தவரே அவர்தான் என்று நன்றியோடு நினைப்பவருக்கு, தோற்ற நாளிலும் ஒரு துணை இருக்கும்.